கூட்டிப் போட்டால் மறையும் எடைக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வசதி வந்தால் உடம்பு வைக்கும் என்பார்கள். அது பாதிதான் சரி. சோபல், ஸ்டங்கார்ட் என்ற இருவர் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி 1989இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். வளரும் நாடுகளில் வசதியுள்ளவர்கள்தான் பருமனாக இருந்தார்கள். வளர்ந்த நாடுகளிலோ பெண்களிடம் இது தலைகீழ்: வசதி குறையக் குறையப் பருமன் கூடியது. அங்குள்ள ஆண்களிடம் அப்படிச் சீரான போக்கு இல்லை. இருபாலரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்தச் சங்கதியே கண்ணில் படாது.

வயதும் அப்படித்தான். நடுவயதுக்காரர் நிறைந்த ஒரு பிரிவை இளைஞர் நிறைந்த பிரிவோடு அப்படியே ஒப்பிட்டால், தெரிவது வயதின் வித்தியாசம். முதலில் வயதுவாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய கோளாறு அளவெடுப்பில். கேட்டு எழுதும் கணக்கில் உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்வது மனித சுபாவம். 160 செ.மீ. உயரம், 62 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு பி.எம்.ஐ., அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 24.2. அவரே 163 செ.மீ., 60 கிலோ என்று சொன்னால் 22.6 ஆகிவிடும். அதிக எடைக்குப் பொதுவான எல்லை 25. ஆனால் ஆசிய மக்களுக்கு 23லேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது, அதே பி.எம்.ஐ.யில் அவர்கள் உடம்பில் கொழுப்பு அதிகம். ஆக, வாய்வார்த்தையை நம்பினால் இந்தப் பெண் கணக்கிலிருந்தே நழுவிவிடுவார். எல்லாப் பிரிவினரும் ஒரே அளவில் கூட்டிக் குறைத்துச் சொல்வதில்லை என்பதால் ஒப்பீடும் கோணிப்போகும்.

நேரில் அளப்பதே வழி. செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படிய, பார்வை நேராக நிற்க வேண்டும். எடைக்கருவி கெட்டியான தரையில் இருக்கட்டும். கம்பளத்தின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். இடுப்புச் சுற்றளவைத் தொப்புளைப் பார்த்து அளக்காதீர்கள், தொப்பை சரிந்தால் அதுவும் இறங்கிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டதும், நாடா சதையை அழுத்தாமல் அளக்க வேண்டும்.

இன்னொன்று. தாய்க்கு அதிக எடை, பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஒரே வீட்டில் இரண்டும் உண்டு. மலிவாக வயிற்றை நிரப்பும் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் கலோரி தரும். வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதமும் இரும்புச்சத்தும் அதில் போதாது. குடும்பத்துக்கு ஒரே எண் போட்டால் இந்த வீடு நலமான வீடாகவே பதிவாகும்.