பொன்னாடை போர்த்தினால் ஆள் நிற்பாரா? கம்பர் செய்தது வேறு!

[காட்சி: நாட்டரசன்கோட்டை, கம்பர் சமாதி]

இந்த இடத்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துப் பிள்ளை நாக்கில் வைத்தால் தமிழ் தங்கும் என்று நம்புகிற ஊர் இது. சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. என் கேள்வி வேறு. பேச்சுக்கு இவ்வளவு மரியாதை தருகிற செட்டிநாட்டில், நன்றாகப் பேசியவரைப் பாராட்டுவதில் மட்டும் ஏன் இப்படிச் சொதப்புகிறோம்?

வணக்கம். காரைக்குடியில் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு பேச்சுக் கிளப் நடத்துகிறோம். கடைக்கு மேல் மாடி, இருபது நாற்காலி, ஒரு மின்விசிறி. டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாணியில்தான் கூட்டம்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1924 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய பேச்சுப் பயிற்சிச் சங்கம். ஒருவர் பேசுவார், ஒருவர் மதிப்பீடு சொல்வார், ஒருவர் பேச்சில் வரும் 'ஆ', 'ம்' தடுமாற்றங்களை எண்ணுவார், ஒருவர் நேரம் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுவார். சிறந்த பேச்சாளரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து ஒரு ரிப்பன் கொடுப்பார்கள். அவர்களுடைய பாத்வேஸ் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாதைக்கும் ஐந்து நிலை, உச்சியில் டி.டி.எம். (டிஸ்டிங்விஷ்ட் டோஸ்ட்மாஸ்டர்) பட்டம். சரி, வரலாறு முடிந்தது.

[காட்சி: மேசை மேல் ஷீல்டு]

இது எனக்குக் கிடைத்த ஷீல்டு. வேறொரு ஊரில், வேறொரு சங்கத்தில். என் பெயரில் இருக்கும் 'ழ'வை 'ள' ஆக்கி, 'தங்கள் சிறந்த சேவைக்கு' என்று அடித்திருக்கிறார்கள். என்ன சேவை? எனக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. அன்று மட்டும் பதினொரு பேருக்கு இதே ஷீல்டு, இதே வாசகம். எங்கள் கிளப்பிலும் முதல் வருஷம் இதே கதைதான். வந்தவருக்கெல்லாம் பொன்னாடை, 'அனைவரும் சிறப்பாகப் பேசினார்கள்' என்று ஒரு வரி. நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். ஓட்டிவிடாதீர்கள்!

சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் எங்கள் ஊரில் இருக்கிறது. பங்குனி வந்தால் இங்கே கம்பன் விழா, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில். அந்தப் பந்தலில் சின்ன வயசில் முறுக்குக் கடித்துக்கொண்டே கேட்ட கதை இது. கம்பரை ஆதரித்தவர் சடையப்ப வள்ளல். நன்றிக்கடனாக நூறு பாட்டுக்கு ஒரு தடவை அவரைப் பாடிவிடுவது என்று கம்பர் நினைத்தாராம். இராமன் கதையில் புரவலர் பெயர் இத்தனை தடவையா என்று சபையில் ஆட்சேபம். கம்பர் சிரித்துக்கொண்டே, "சரி, ஆயிரத்துக்கு ஒன்று. நூற்றில் ஒருவர் என்று நினைத்தேன், நீங்கள் அவரை ஆயிரத்தில் ஒருவர் ஆக்கிவிட்டீர்கள்" என்றாராம்.

செவிவழிக் கதைதான். ஆனால் காப்பியத்தில் இருக்கிற இடத்தைப் பாருங்கள். முடிசூட்டு விழா. அரியணையை அனுமன் தாங்குகிறான், அங்கதன் உடைவாள் ஏந்துகிறான், பரதன் வெண்குடை பிடிக்கிறான். வசிட்டர் இராமன் தலையில் முடி வைக்கப் போகிறார். அந்த முடியை எடுத்து அவர் கையில் கொடுப்பது யார்? சடையனின் முன்னோர்! பத்தாயிரம் பாட்டுக்கு மேல் போகிற கதையில், எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கிற அந்தக் கணத்தில் கொண்டுபோய் வைத்தார் மனுஷர். அதுவும் 'சடையன் நல்லவர், வல்லவர்' என்று சொல்லவில்லை. கொடுத்தே பழகிய வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற வேலையையே கொடுத்தார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. உங்களுக்குச் சிலிர்க்கவில்லை என்றால் கமென்டில் சண்டைக்கு வாருங்கள்.

இதைப் பேசிப் பேசித்தான் நாங்கள் மாறினோம். பொன்னாடை நின்றது. மதிப்பீடு சொல்பவர் ஒரு துண்டுச் சீட்டில், அந்த ஆள் அன்று செய்த ஒரே ஒரு காரியத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். 'அருமை', 'சூப்பர்' எழுதினால் சீட்டு திரும்பிவிடும். ரிப்பன் உண்டு, ஆனால் ஓட்டு கிடைத்தவருக்குத்தான். கொஞ்சம் கறார்தான், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

[காட்சி: சீட்டு, அருகில்]

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையிலிருந்து வரும் ஒரு அண்ணன். முதல் பேச்சில் 'வந்து... வந்து...' என்று பதினாலு தடவை. நாலாவது பேச்சில் அவருக்குக் கிடைத்த சீட்டு இது: 'வந்து: 3. கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று சொல்லி நிறுத்தினீர்கள். நாங்களும் பிடித்தோம்.' போன் கவருக்குள் வைத்திருக்கிறார், ஓரத்தில் இன்னும் சிமென்ட் கறை.

அப்புறம் எங்கள் ஆச்சி. வயது அறுபத்தெட்டு. மனகோலம் என்ற செட்டிநாட்டு இனிப்பு செய்யும்போது பாகு பதம் தப்புவதைப் பற்றிப் பேசி, அன்றைய ரிப்பனைத் தட்டிக்கொண்டு போனவர். வீட்டுக்குப் போனபோது அதைப் பட்டாலைத் திண்ணையில், ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருந்தார்.

"பொன்னாடை பீரோவில் பதினேழு கிடக்கு தம்பி. எதுக்குப் போட்டாங்கன்னு ஒண்ணுக்கும் ஞாபகம் இல்லை. இது பாகுக்குக் கிடைச்சது."

உங்கள் சங்கத்தில் இப்படி யாருக்காவது ஒரு சீட்டு கிடைத்திருந்தால், அதில் இருந்த வரியைக் கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஆச்சிதான் நேரம் பார்க்கிறார். சிவப்பு அட்டையை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் தலைவர் வரவேற்புரையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்.