விதைநெல்லுக்குள் ஒளிந்திருப்பது

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களே, இம்மண்டபத்தைத் தந்துதவிய பாடசாலை அதிபர் அவர்களே, வவுனிக்குளத்து வயல்வெளிகளிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் கமக்காரப் பெருமக்களே, தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம்.

‘சுரை விதைத்தால் அவரை முளைக்குமா?’ என்று முன்னோர் கேட்டார்கள். முளைக்காது. ஆனால் நெட்டை விதைத்தால் குட்டை முளைக்கக்கூடும். அது எப்படி என்பதையும், விதைநெல்லைக் காக்கும் வழியையும், விதைச் சட்டங்களையும் பற்றிப் பேச எண்ணியுள்ளேன்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கடையில் வாங்கிய கலப்பினத் தக்காளி விதையை நட்டார். பழங்கள் எல்லாம் ஒரே அளவு, சந்தையில் நல்ல விலை. மகிழ்ந்துபோய், சிறந்த பழங்களில் விதையெடுத்து, சாம்பல் பிரட்டி உலர்த்தி, அடுத்த போகம் நட்டார். வந்த பழங்களில் ஒன்று உருண்டை, ஒன்று நீளம். செடிகளில் ஒன்று கொடியாய் ஓடியது, ஒன்று பற்றையாய் நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர்தான் இரவோடிரவாக நாற்றை மாற்றிவிட்டார் என்று வேலியில் நின்று பெருஞ்சண்டை. கிராம சேவையாளர் வரை முறைப்பாடு போனது. ‘இஞ்சருங்கோ, தக்காளியைப் பிடுங்கித் தக்காளியே வைக்க அந்த மனுசனுக்கு என்ன விசரே?’ என்று மனைவி கேட்ட பின்னர்தான் அடங்கினார். ‘சுரை விதைத்தால் அவரை முளைக்குமா ஐயா?’ என்று என்னிடமும் நியாயம் கேட்டார்.

அதற்கான விடை 1866 இலேயே அச்சேறிவிட்டது. கிரகர் மெண்டல் என்னும் துறவி நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தபோது முதற் சந்ததி முழுவதும் நெட்டையாகவே வந்தது. அடுத்த சந்ததியிலோ 787 நெட்டைகளும் 277 குட்டைகளும், அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றாக, வந்தன. ஓர் இயல்புக்கெனத் தாவரம் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு எதிருருக்களை, அதாவது அவ்வியல்பைத் தீர்மானிக்கும் பரம்பரையலகின் வடிவங்களைப் பெறுகின்றது. ஆட்சியுடையது ஒன்றிருந்தாலே வெளித்தெரியும். பின்னிடைவானது இரண்டு கூடினால் மட்டுமே தலைகாட்டும். பெரியவரின் கலப்பினத்தில் மறைந்திருந்தவையே மறு சந்ததியில் பிரிந்து வந்தன. பக்கத்துத் தோட்டக்காரர் நிரபராதி.

நெல்லுக்கு வருவோம். 1966 இல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லின் குட்டைத்தன்மையும் பின்னிடைவானதே. நமது பாரம்பரிய நெல்லான மொட்டைக்கறுப்பனோ நெட்டை. குட்டை வயலில் தப்பி வந்த நெட்டையைக் கண்டவுடன் பிடுங்கிவிடலாம். நெட்டை வயலில் மகரந்தத்தின் வழியே புகுந்த குட்டை எதிருரு, நெட்டைக்குள் ஒளிந்திருந்து பின்னொரு போகத்தில்தான் வெளிப்படும். நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதால் இது அரிது. ஆயினும் சுரை விதைத்தால் அவரை முளைக்காது என்ற நம்பிக்கையில் சாக்கைக் கட்டிவைத்தால் போதாது. தனி வயலில், போகந்தோறும் கலப்பனை, அதாவது இனம் மாறி நிற்கும் பயிர்களைக் களைந்து பெருக்க வேண்டும். அதனால்தான் கமக்கார அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதைக் களஞ்சியம் வேண்டும் என்று மேடைதோறும் கேட்டு வருகிறேன்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். சட்டங்கள் பிறகொரு நாள் ஆகட்டும். வரும் காலபோகத்தில் மொட்டைக்கறுப்பனுக்கெனக் கால் ஏக்கர் ஒதுக்கக்கூடியவர்கள் வாசல் மேசையில் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.