18 வெள்ளி 90 காசுக்கு ஒரு ‘பட்’

வணக்கம் மக்களே! இன்னிக்கு சாப்பாட்டுக் கடை வீடியோ கிடையாது, மொதல்லயே சொல்லிட்றேன். மனசு கொதிக்குது.

அக்கா மகன் தெரியும்ல, படிவம் நாலு, போன மாசம் என் கேமராவ கீழ போட்டானே, அவனேதான். அடுத்த வருஷம் எஸ்பிஎம், படிவம் அஞ்சுல எழுதுற அரசாங்கப் பரீட்ச. பிரிக்பீல்ட்ஸ்ல அவனுக்கு ஒரு இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகம் வாங்குனேன். 18 வெள்ளி 90 காசு! வெலையில கழிவு கேட்டா கடைக்காரர் சிரிக்கிறாரு. அந்தக் காசுக்கு நான் வாழை இலை சாப்பாடு சாப்ட்டு, தே தாரிக்கும் குடிச்சிருப்பேன்.

நேத்து ராத்திரி விடைப் பக்கத்த திருப்புனா, ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட் அவுட்.’ பையன் எழுதுனது இல்லங்க, விடைப் பக்கத்துல அச்சடிச்சிருக்கு!

ஆல்தோ வந்துட்டா ‘பட்’டுக்கு, அதாவது ‘ஆனா’வுக்கு, அங்க வேலையே இல்ல. நம்ம ‘மழை பேஞ்சாலும் போனோம்’னு சொல்றோம்ல, அந்த ‘ஆலும்’தான் ஆல்தோ. ‘மழை பேஞ்சாலும் ஆனா போனோம்’னு உங்க பாட்டி என்னிக்காச்சும் சொல்லிருக்காங்களா? நம்ம அத வினைச்சொல்லோட வால்ல ஒட்றோம், இங்கிலீஷ்காரங்க அந்த வாக்கியத் துண்டோட தலையில வைக்கிறாங்க. அவ்ளோதான்.

இருங்க, மோனோரயில் போகட்டும்... ஆங்.

இப்டி சொன்னதும் அவன் பேனாவ எடுத்து அந்த ‘பட்’ட அடிச்சான் பாருங்க, எனக்கு எஸ்பிஎம்ல ஏ பிளஸ் வாங்குன மாதிரி இருந்துச்சி! அடுத்த நிமிஷமே ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்’னு எழுதுறான். டேய், அன்லெஸ் உள்ளயே ஒரு ‘இல்ல’ உக்காந்திருக்கு. நீ எழுதுனதுக்கு, படிச்சா ஃபெயிலுன்னு அர்த்தம்!

ஐயோ, கமா சொல்ல மறந்துட்டேன். ஆல்தோ, பிகாஸ், வென் இதுல ஆரம்பிக்கிற துண்டு முன்னால வந்தா, அது முடியிற எடத்துல கமா. பிகாஸ் துண்டு பின்னால போனா பெரும்பாலும் கமா வேணாம். டிஸ்பைட் இந்தக் கூட்டமே இல்ல, ‘டிஸ்பைட் த ரெயின்’னு பின்னாடி பேர்ச்சொல்லோ ‘இங்’ல முடியிற வார்த்தையோதான் வரணும். எனக்குப் புடிக்காத வார்த்த அது, அதோட விட்ருவோம்.

காலையில புத்தகத்த மாத்தப் போனேன். மொத பக்கத்துல பேர் எழுதியாச்சாம், மாத்த மாட்டாங்களாம். அப்புறம் இன்னொண்ணு, 18 வெள்ளி 90ன்னு சொன்னேன்ல? பிளாஸ்டிக் பைக்கு 20 காசு தனி. மொத்தம் 19 வெள்ளி 10 காசு!