காலை ஏழு மணி, சன்னலோர நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். ரோட்டரி சங்கம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பஸ் நிறுத்தத்து நிழற்குடை, பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் சிகிச்சை முகாம், அந்தப் பல்சக்கரச் சின்னம். அவை வெளியே தெரிபவை. பல ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் நான், வெளியே தெரியாத பத்து நிமிடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் சங்கம் வியாழக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குக் கூடும். கடை திறப்பவர்கள் கடைக்கும், வழக்குக்குப் போகிறவர்கள் நீதிமன்றத்துக்கும் புறப்பட அந்த நேரம்தான் தோது. இட்லியும் பொங்கலும் காபியும் முடிந்ததும் தலைவர் மணியடிப்பார். இறைவணக்கம் ஆனவுடன் செயலாளர் எழுந்து உறுப்பினர் செய்திகளைச் சொல்வார். யாருக்குப் பிறந்த நாள், யாருக்குத் திருமண நாள், யார் வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள், யாருடைய தாயார் மருத்துவமனையில் இருக்கிறார். பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் சங்கம் என்பேன்.

"வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் போதாதா?" என்று இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். போதாது. ஏன் என்பதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்களோடு இரும்புக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. சன்னலோரம் இரண்டாவது நாற்காலி அவருடையது. ஒரு சமயம் மூன்று வாரம் அவர் வரவில்லை. அதற்கிடையில் அவருடைய திருமண நாள் வந்தது. வாட்ஸ்அப்பில் நாங்கள் வாழ்த்தினோம், அவரும் ஒவ்வொருவருக்கும் கும்பிடும் கைகளை அனுப்பினார். அதைப் பார்த்தால் குறையொன்றும் இல்லை. ஆனால் நாற்காலி காலியாக இருந்தது. "அண்ணாச்சியை யாராவது பார்த்தீர்களா?" என்று செயலாளர் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அன்று கூட்டம் முடிந்ததும் நானும் பல் மருத்துவரான ஓர் உறுப்பினரும் கடைக்குப் போனோம். அண்ணாச்சி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். "வேலை அதிகம் தம்பி, அதனால்தான்" என்றார். மருத்துவர் பக்கவாட்டில் நின்று ஏதோ கேட்டார். அண்ணாச்சி திரும்பவே இல்லை. மறுபடியும் கேட்டார். திரும்பவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனித்துவிட்டார். தராசை இறக்கி வைத்தார்.

"காது சரியாகக் கேட்பதில்லை தம்பி. நீங்கள் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. போன மாதம் செயலாளர் ஒரு துக்கச் செய்தி சொல்லியிருக்கிறார். நான் பிறந்த நாள் என்று நினைத்துக் கைதட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வருவது?"

அந்தக் கைத்தட்டல் எனக்கு நினைவிருந்தது. ஏதோ ஞாபகத்தில் தட்டிவிட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். எத்தனையோ ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டவன் நான். எனக்கே தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை அவரைக் கையோடு அழைத்துவந்தோம். செயலாளர் மேசையைவிட்டு எழுந்து வந்து, அண்ணாச்சியின் எதிரில் நின்று நிறுத்தி நிதானமாகச் செய்திகளைச் சொன்னார். துக்கச் செய்தி என்றால் முதலில் எல்லாரும் எழுந்து நிற்பது என்று அன்றே முடிவு செய்தோம். கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும் அல்லவா? காதுக் கருவி வாங்க அவர் மனம் இசைந்தது பல மாதங்கள் கழித்துத்தான். கருவி வந்த பிறகும் எழுந்து நிற்கும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை. வாட்ஸ்அப் அவரை நன்றாக இருக்கிறார் என்று காட்டியது. காலி நாற்காலிதான் உண்மையைச் சொன்னது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

இது எங்கள் ஊர் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. ரோட்டரி பிறந்ததே இப்படித்தான். பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். தெருவில் நடந்தால் நான்கு பேர் நலம் விசாரிக்கும் ஊர். பிழைப்புக்குச் சிகாகோ வந்தார். அத்தனை பெரிய நகரத்தில் விசாரிக்க ஆளில்லை. கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய் அறையெடுத்துத் தங்கியவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். 1905 பிப்ரவரி 23 அன்று ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் ஆகியோரோடு அவர் கூடி உட்கார்ந்தார். முறைவைத்து ஒவ்வொருவர் இடத்திலும் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயர். அந்த நகரத்தில் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று அவர்கள் முயற்சி எடுத்தது 1907இல். நட்பு முந்தியது, தொண்டு பிந்தியது.

போலியோ ஒழிப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1985இல் ரோட்டரி அந்தப் பணியை உலக அளவில் கையிலெடுத்தது. இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமி தாக்கிய கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. சொட்டு மருந்து முகாம்களில் பெட்டி சுமந்து வீடு வீடாகப் போனவர்களில் அண்ணாச்சியும் ஒருவர்.

வரும் வியாழக்கிழமை அவருக்குப் பிறந்த நாள். செயலாளர் எதிரில் நின்று சொல்வார், நாங்கள் கைதட்டுவோம். வணக்கம்.