கணக்கு எழுதும் காலமும் கணக்குக் கொடுக்கும் காலமும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், சிறுதொழில் நடத்தும் நண்பர்களுக்கும், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் அன்பர்களுக்கும் என் வணக்கம்.

வரிக்கணக்கு தாக்கல் செய்யும் பருவத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. இதில் ‘முன்கூட்டியே’ என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் அச்சொல்லுக்குக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பு என்று பொருள் கொள்கிறார்கள். நெடுங்காலம் பிறருடைய கணக்குகளைப் பார்த்து வந்தவன் என்ற முறையில், அது போதாது என்று உறுதியாகச் சொல்வேன். கணக்கு எழுதும் காலம் ஆண்டு முழுவதும் உண்டு; கணக்குக் கொடுக்கும் காலம்தான் சில வாரங்கள். இவ்விரண்டு வேலைகளையும் அந்தச் சில வாரங்களுக்குள் அடக்கிவிட நினைப்பதால்தான் நம்மில் பலர் தூக்கத்தையும் பணத்தையும் சேர்த்து இழக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிறிய அச்சகம் நடத்தும் ஒருவர், கெடு முடிய ஒன்பது நாள்களே இருந்த நிலையில், ஒரு துணிப்பை நிறைய ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் கொட்டினார். அவர் கடும் உழைப்பாளி. ஒரு காசைக்கூட மறைக்கும் எண்ணம் இல்லாதவர். ரசீதுகளையும் அவர் அலட்சியமாக வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை என்று பிரித்து, அச்சு இயந்திரத்துக்கு மேலே இருந்த பலகையில் அடுக்கி வைத்திருந்தார். உறைகளைப் பிரித்தபோது பழைய மாதங்களின் ரசீதுகளில் பல வெற்றுத் தாள்களாக இருந்தன. விற்பனை இயந்திரங்கள் தரும் அவ்வகை ரசீதுகளில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சு சூடு பட்டுக் கருப்பதால்தான் எழுத்து தோன்றுகிறது. அதே தாள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் இருந்தாலோ, சிலவகை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தாலோ, எழுத்து மங்கி மறைந்துவிடும். பாதுகாப்பு என்று நினைத்து அவர் செய்த ஏற்பாடே அவற்றை அழித்துவிட்டது. ஒரு தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தொகையின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன.

வங்கி அறிக்கையை வைத்தாவது மீட்கலாம் என்று உட்கார்ந்தோம். பதினொரு மாதங்களுக்கு முந்தைய ஒரு தொகையைக் காட்டி, “இது எதற்காகச் செலுத்தியது?” என்று கேட்டேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மை வாங்கினதா, மகளுக்குக் கட்டணம் கட்டினதா, நினைவு வரவில்லை சார்” என்றார். அவர் உண்மையில் செய்த தொழிற்செலவுகளில் ஒரு பகுதியைச் சான்று இல்லாமையால் கணக்கில் காட்ட முடியாமல் போயிற்று. செலவழித்த பணத்துக்கே அவர் வரி கட்டினார். வரி ஏய்ப்பவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இப்படிக் கட்ட வேண்டாத வரியைக் கட்டும் நேர்மையான மனிதரைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆகவே நான் சொல்லும் முதல் ஆயத்தம் மிகச் சிறியது. ரசீது கைக்கு வந்த அன்றே அதைக் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்து, யாருக்குக் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எந்த வேலைக்காக என்ற மூன்றையும் அப்படத்தோடு குறித்து வைத்துவிட வேண்டும். மூன்றாவது குறிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘பயணச் செலவு’ என்று மட்டும் எழுதினால் அது தொழிற்பயணமா, சொந்தப் பயணமா என்று ஓராண்டு கழித்துக் கேட்பவருக்கு நம்மிடம் விடை இருக்காது. வாகனத்தைத் தொழிலுக்கும் வீட்டுக்கும் பொதுவாகப் பயன்படுத்துவோர், ஓடிய தொலைவையும் போன காரணத்தையும் அன்றன்றே எழுதுவது இதனாலேயே கட்டாயமாகிறது. பின்னால் உட்கார்ந்து ஊகித்து எழுதிய பட்டியலைப் பயின்ற கண் எளிதில் கண்டுகொள்ளும். எல்லா நாள்களிலும் முழு எண்களாகவே இருக்கும்.

அடுத்து நாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரி ஆண்டு எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் அது ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அமெரிக்கா, கனடா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தனிநபருக்கு நாட்காட்டி ஆண்டே வரி ஆண்டு. பிரிட்டனில் அது ஏப்ரல் 6 என்ற விந்தையான நாளில் தொடங்குவது, 1752இல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாள்களை நீக்கியதன் எச்சம் என்பர். ஒரு நாட்டில் வேலை பார்த்து இன்னொரு நாட்டில் வாடகையோ வட்டியோ பெறுபவர், ஒரே வருமானத்தை இரண்டு விதமான ஆண்டுகளில் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். அவருக்கு மாதவாரியான கணக்கு இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

படிவம் தரும் நாளும் பணம் கட்டும் நாளும் ஒன்றே என்று எண்ணுவது இன்னும் பெரிய இடறல். கனடாவில் சுயதொழில் செய்வோர் ஜூன் 15 வரை படிவம் தரலாம். ஆனால் வரித்தொகையை ஏப்ரல் 30க்குள் கட்டியாக வேண்டும். அமெரிக்காவில் ஏப்ரல் 15க்குள் விண்ணப்பித்து அக்டோபர் 15 வரை அவகாசம் பெறலாம். அந்த அவகாசம் படிவத்துக்கு மட்டுமே உரியது, கட்ட வேண்டிய தொகைக்கு வட்டி ஏப்ரலிலிருந்தே ஏறத் தொடங்கும். அவகாசம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்து, பிறகு வட்டிக் கணக்கைக் கண்டு திகைத்தவர்கள் பலர். உங்கள் நாட்டு வரித்துறை இந்த ஆண்டுக்கு அறிவித்துள்ள நாள்களை அத்துறையின் இணையதளத்திலேயே பார்த்து, இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு நாள் இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

அதோடு, வரி என்பது ஆண்டு முடிந்த பிறகு வரும் ஒற்றைச் செலவு என்ற எண்ணமும் மாற வேண்டும். சம்பளக்காரருக்கு மாதந்தோறும் பிடித்தம் நடந்துவிடுகிறது. சுயதொழிலருக்குப் பிடிப்பவர் யாரும் இல்லை. அவரேதான் தவணைகளில் கட்ட வேண்டும். இந்தியாவில் முன்கூட்டிய வரி ஜூன் 15க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் என்ற படிகளில் செல்கிறது. அமெரிக்காவிலும் ஆண்டுக்கு நான்கு தவணைகள் உண்டு. முதல் தவணைக்கே ஆண்டு வருமானத்தை மதிப்பிட வேண்டியிருப்பதால், நடப்புக் கணக்கு கையில் இல்லாதவர் குருட்டாம்போக்கில் ஒரு தொகையைக் கட்டுகிறார், அல்லது கட்டாமலே விட்டு வட்டி சுமக்கிறார். ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கை வேறொரு வங்கிக் கணக்குக்கு அன்றே மாற்றிவிடும் பழக்கத்தைவிடப் பயனுள்ள உத்தியை என் தொழில் வாழ்வில் நான் கண்டதில்லை.

இவ்விடத்தில் சிறுதொழில் நண்பர்களிடம் மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் விலையோடு சேர்த்து வாங்கும் ஜி.எஸ்.டி. அல்லது வாட் தொகை நம் வருமானம் அன்று. அரசுக்காக நாம் வாங்கி வைத்திருக்கும் பணம். ஆனால் அது நம் வங்கி இருப்போடு கலந்து கிடக்கும்போது, கையில் தாராளமாகப் பணம் இருப்பதாகத் தோன்றுகிறது. சரக்கு வாங்குகிறோம், பழைய கடனை அடைக்கிறோம். செலுத்த வேண்டிய நாளில் பணம் இல்லை. நல்ல வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே நொடித்துப்போன சிலரின் கதை இங்கேதான் தொடங்கியது. வாங்கிய வரியைத் தனியே வைப்பதைத் தவறாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கடைப்பிடிப்பவர் குறைவு. வீட்டுத் தேவைக்கு எடுப்பதில் தவறில்லை. எடுத்ததை ‘எடுப்பு’ என்றே எழுத வேண்டும், செலவு என்று எழுதக் கூடாது. மாத முடிவில் வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் அருகருகே வைத்துச் சரிக்கட்டினால், ஒரு மாதத்துப் பிழையை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். பன்னிரண்டு மாதப் பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டால், அவற்றைப் பிரித்தெடுக்கப் பன்னிரண்டு மணி நேரமும் போதாது. ஆண்டின் கடைசி நாள் மாலையில் சரக்கிருப்பை எண்ணி எழுதுவதும் அப்படியே. மூன்று மாதம் கழித்து எண்ணினால் கிடைப்பது அன்றைய இருப்பு. நமக்கு வேண்டியதோ ஆண்டு முடிந்த நாளின் இருப்பு. அந்த எண் பிழைத்தால் அதனோடு சேர்ந்து இலாபமும் பிழைக்கும்.

சம்பளம் மட்டும் பெறுவோருக்கு வேலை இவ்வளவு இல்லை. எனினும் ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். புதிய நிறுவனத்திடம் பழைய சம்பள விவரத்தைத் தராவிட்டால், இரண்டு நிறுவனங்களும் வரிவிலக்கு வரம்பைத் தனித்தனியே கொடுத்துக் குறைவாகப் பிடித்தம் செய்துவிடும். ஆண்டு முடிவில் எதிர்பாராத ஒரு தொகை வந்து நிற்கும். வீடும் பங்குகளும் வைத்திருப்போர், வாங்கிய விலைக்கும் வீட்டை மேம்படுத்திய செலவுக்கும் உரிய ஆவணங்களை, விற்கும் வரையிலும் விற்றபின் சட்டம் சொல்லும் காலம் வரையிலும் காக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வரி ஆவணங்களைப் பொதுவாக 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கனடாவில் 6, மலேசியாவில் 7. படிவம் ஏற்கப்பட்டவுடன் தாள்களைக் கழித்துவிடலாம் என்று நினைப்போர் இதைக் கருத வேண்டும்.

இன்று வரித்துறைக்கு நம்மைப் பற்றிய செய்திகள் நாம் சொல்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சம்பளத்தை நிறுவனம் தெரிவிக்கிறது. வட்டியை வங்கி தெரிவிக்கிறது. டென்மார்க் 1980களிலேயே, இவ்வாறு வந்த செய்திகளைக் கொண்டு படிவத்தைத் தானே நிரப்பி அனுப்பத் தொடங்கிவிட்டது. இப்போது பல நாடுகளில் அந்த முறை உண்டு. நம் கணக்கும் அவர்களிடம் உள்ள விவரமும் ஒத்துப்போகாதபோதுதான் பெரும்பாலான நோட்டீசுகள் வருகின்றன. அவர்கள் நிரப்பியது எப்போதும் சரி என்றும் கொள்ளக் கூடாது. ஒருவரிடம் பிடித்த வரி இன்னொருவர் எண்ணில் வரவு வைக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பெயரில் ஓர் எழுத்து, வரி எண்ணில் ஓர் இலக்கம், மூடிவிட்ட வங்கிக் கணக்கு என்று எது பிழையாக இருந்தாலும், அதைத் திருத்த வேண்டியவர் நிறுவனத்திலோ வங்கியிலோ இருக்கிறார். அவருக்கு எழுதி, பதில் பெற்று, திருத்தம் ஏறுவதற்கு வாரங்கள் ஆகலாம். ஆண்டு முடிந்து விவரங்கள் வெளியானவுடன் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அந்த வாரங்கள் இருக்கின்றன. கடைசி வாரத்தில் பார்ப்பவருக்கு இல்லை.

உங்கள் கணக்காளரிடமும் முன்னதாகவே செல்லுங்கள். நெருக்கடி நாள்களில் எங்களிடம் வருவோருக்கு எங்களால் எண்களைக் கூட்டித்தான் தர முடிகிறது. யோசித்துச் சொல்ல நேரம் இருப்பதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தாள்களைப் பார்க்கும் முன்பே பெரிய தொகை திரும்பக் கிடைக்கும் என்று வாக்களிப்பவரையும், கிடைக்கும் தொகையில் விழுக்காடு கேட்பவரையும் விட்டு விலகுங்கள். பொய்யான கழிவுகளை அவர் எழுதினாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

அந்த அச்சக உரிமையாளர் மறு ஆண்டு, வரி ஆண்டு முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போதே ஒரு மெல்லிய கோப்போடு வந்தார். ஒன்பது மாதக் கணக்கும் அதில் சரிக்கட்டப்பட்டிருந்தது. புதிய வெட்டு இயந்திரம் ஒன்றை இந்த ஆண்டில் வாங்கலாமா, அடுத்த ஆண்டில் வாங்கலாமா என்று கேட்டார். வாங்கினால் மட்டும் போதாது, பயன்பாட்டுக்கு வந்தால்தான் தேய்மானம், அதாவது இயந்திரத்தின் விலையை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகச் செலவில் காட்டும் கழிவு, கோரலாம் என்று விளக்கி, இயந்திரம் வந்து சேரும் நாள், மின்னிணைப்பு வேலை, கையிலுள்ள ஆர்டர்கள் எல்லாவற்றையும் வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். ஆண்டு முடிந்தபின் அவர் வந்திருந்தால், அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது.