ஒரு டாலரும் எட்டாம் நாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் ஒரு மென்பொருளோ பாடத்தொகுப்போ விற்கிறோம், மாதச் சந்தா 40 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் 40 கேட்டால் தயங்குவார். ஒரு டாலர் கட்டி ஏழு நாள் பயன்படுத்திப் பாருங்கள் என்றால் மனம் இசையும். எட்டாம் நாள் முழுச் சந்தாவும் கார்டிலிருந்து எடுக்கப்படும். இந்தச் சோதனை விலையை அஃபிலியேட்டுகளிடம், அதாவது கமிஷனுக்கு விற்றுத் தருபவர்களிடம், ஒப்படைக்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஒரு டாலரையே பார்ப்போம். அமெரிக்காவில் கார்டு மூலம் வரும் பணத்துக்கு 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் கட்டணமாகப் பிடிப்பது பரவலான வழக்கம். ஒரு டாலரில் 33 சென்ட் அங்கேயே போச்சு. மீதி 67 சென்ட்டில் பாதியைக் கமிஷனாகக் கொடுத்தால் எந்த அஃபிலியேட் நம் பக்கம் திரும்புவார்? ஒரு ஆளைக் கொண்டுவர அவர் விளம்பரத்துக்குச் செலவழிப்பதே அதைவிட அதிகம்.

அதனால் விற்பவர்கள் ஒரு குறுக்குவழி பிடிப்பார்கள். சோதனைக்கு ஒருவரைச் சேர்த்தாலே 20 டாலர் என்று அறிவித்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆட்கள் வந்து குவிந்தார்கள். எட்டாம் நாள் கணக்கைத் திறந்தால் பல கார்டுகளில் பணமே இல்லை. சில அஃபிலியேட்டுகள் வெவ்வேறு பெயர்களில் தாங்களே சேர்ந்திருந்தார்கள். வேறு சிலர் விளம்பரத்தில் ‘வெறும் ஒரு டாலர்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், எட்டாம் நாள் 40 எடுக்கப்படும் என்று சொல்லவில்லை. ‘ஒரு டாலருக்குத்தானே வாங்கினேன், 40 ஏன் எடுத்தீர்கள்?’ என்று ஒருவர் எழுதியது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு எழுதாமல் நேராக வங்கிக்குப் போனவர்களும் உண்டு. சார்ஜ்பேக் என்று பணம் திரும்பிப் போகும், மேலே அபராதமும் விழும். அது பெருகினால் விற்பவரின் கணக்கையே மூடிவிடுவார்கள். கமிஷனோ ஏற்கெனவே கைமாறியிருந்தது.

பிறகு முறையை மாற்றினேன். சோதனைக்குக் கமிஷன் கிடையாது. வாடிக்கையாளர் தங்கும் ஒவ்வொரு மாதமும் சந்தாவில் பாதி அஃபிலியேட்டுக்கு. பணம் வரக் காத்திருக்க வேண்டும் என்பதால் சிலர் விலகிப் போனார்கள். தங்கியவர்கள் பொருளைத் தாங்களே பயன்படுத்திப் பார்த்து, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று எழுத ஆரம்பித்தார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யார் வழியாக வந்தார் என்பதை வாடிக்கையாளரின் கணக்கிலேயே பதிந்து வையுங்கள். குக்கியை, அதாவது வாடிக்கையாளரின் பிரவுசரில் தங்கும் சிறு பதிவை, மட்டும் நம்பினால், அது அழிந்ததும் சோதனை ஒருவர் பெயரிலும் எட்டாம் நாள் சந்தா யார் பெயரிலும் இல்லாமலும் போய்விடும். தெரியாமல் நடந்தாலும் அஃபிலியேட்டின் உழைப்பைப் பறிப்பதுதான் அது.

முழு விலையை ஒளிக்காமல் சொல்லச் சட்டமும் வற்புறுத்துகிறது. அமெரிக்காவில் 2010-ல் வந்த ரோஸ்கா என்ற இணைய விற்பனைச் சட்டப்படி, கார்டு விவரம் வாங்குவதற்கு முன்பே நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லி, பணம் எடுப்பதற்கு முன் சம்மதம் பெற வேண்டும். நிறுத்துவதற்கு எளிய வழியும் இருக்க வேண்டும். 2020-ல் நடப்புக்கு வந்த விசா கார்டு நிறுவனத்தின் விதி, சோதனை முடிந்து முழுப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே நினைவூட்டச் சொல்கிறது. ஏழு நாள் சோதனைக்கு இது எப்படி ஒத்துவரும்? அதனால் என் சோதனைக் காலத்தை 14 நாளாக்கினேன்.

நான் அனுப்பும் நினைவூட்டல் மூன்றே வரி. ‘உங்கள் சோதனை அடுத்த வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்று 40 டாலர் எடுக்கப்படும். வேண்டாம் என்றால் இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்.’ அதைப் பார்த்துவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தியவர்களில் சிலர் மாதங்கள் கழித்து, அதே அஃபிலியேட்டின் லிங்க் வழியாகவே முழு விலை கட்டி வந்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.