கிரேக்க வங்கி வாசலில் ஏன் "மேசை" என்று எழுதியிருக்கிறது?

வணக்கம் மக்களே! ஏதென்ஸில் சில வங்கி வாசலில் நின்று பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தால் "த்ராபெஸா" என்று வரும், வங்கி என்பதற்கு அவர்கள் சொல் அதுதான். பழைய கிரேக்கத்தில் அதற்கு மேசை என்று அர்த்தம். 1841இல் தொடங்கிய கிரேக்கத் தேசிய வங்கி, சொல்லப்போனால், தேசிய மேசை! இன்றைக்கு வீட்டில் சாப்பிடுகிற மேசைக்குப் பெயர் "த்ராபேஸி". இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

வேர்ச்சொல் சுலபம்: நாலு, கால். அதாவது நாலுகாலி. நாம் நாற்காலி என்று உட்காரும் பொருளுக்கு வைத்த பெயரை அவர்கள் மேசைக்கு வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. [திரையில்: களிமண் பலகை] கிரேக்கத்தில் பைலோஸ் என்ற ஊரில் ஒரு அரண்மனை கி.மு. 1200 வாக்கில் எரிந்துபோனது, அந்தத் தீயில் வெந்து கெட்டியானதால்தான் அரண்மனைக் கணக்கெழுதிய களிமண் பலகைகள் தப்பின. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் அதுவரை யாருக்கும் புரியாமலிருந்த அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். அதில் அரண்மனைச் சாமான் பட்டியல் இருக்கிறது, மேசையும் இருக்கிறது, எப்படி? "ஒன்பது கால் நாலுகாலி", "ஆறு கால் நாலுகாலி"! சிரிக்காதீர்கள், உங்கள் ஆபீஸ் சுழல் நாற்காலிக்கு எத்தனை கால் என்று குனிந்து எண்ணிப் பாருங்கள்.

கணக்குப் பாடத்து ட்ரபீசியம்கூட "குட்டி மேசை"தான். சரி, அதை விடுங்கள்.

மேசை எப்படி வங்கியானது? சந்தையில் காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள், அப்புறம் அந்த மேசையே தொழிலின் பெயராகிவிட்டது. அந்தத் தொழிலில் ஏதென்ஸில் பாசியோன் என்று ஒருவர், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. வங்கிக்காரர்களிடம் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, அந்த வங்கியையே நடத்தி, ஊருக்கு 1000 கேடயம் கொடுத்துக் குடியுரிமையும் வாங்கினார். அவரிடம் போர்மியோன் என்று ஓர் அடிமை, அவரும் விடுதலையாகி வங்கியைக் குத்தகைக்கு எடுத்தார். பாசியோன் உயிலில் என்ன எழுதினார் தெரியுமா? தன் மனைவியைப் போர்மியோனுக்கே கட்டிவைக்கச் சொல்லி, சீதனத்தோடு! மூத்த மகனுக்குப் பொறுக்கவில்லை, பின்னாளில் கோர்ட்டுக்குப் போனான். போர்மியோன் தரப்புக்கு வாதம் எழுதிக் கொடுத்தது பெரும் பேச்சாளர் டெமொஸ்தனீஸ். மகன் தோற்றான். இதை யாராவது மெகா சீரியலாக எடுப்பதாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், வசனம் எழுத நான் ரெடி.